ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு

பழைய இயந்திரம் ஆஸ்பத்திரியை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. இரண்டு ஆட்கள் அதைத் தள்ளுவண்டியில் கிடத்தி, தூசி படாமல் இருக்க ஒரு வெள்ளைப் போர்வையைப் போர்த்தி, சரக்கு லிஃப்டில் இறக்கி, பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டாராம்.

"யாரோ போய்ட்டாங்கன்னு நெனச்சுட்டார், பாவம். நானும் ஒண்ணும் சொல்லல. ஒரு வகையில உண்மைதானே?" என்று அன்று மாலை அண்ணி சொல்லிச் சிரித்தாள்.

அது ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அத்தனை பேருடைய கோப்புகளும் இருந்தன. பல வருடங்களாக அதைக் கவனித்துக்கொண்டவள் அண்ணி. கோப்புகளைப் புது இயந்திரத்துக்கு மாற்றியதும் அவள்தான். எல்லாம் சரியாக வந்துவிட்டது, பழையதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கையெழுத்துப் போட்டதும் அவள்தான். அந்தக் கையெழுத்து ஒரு வெல்டரின் உயிரில் போய் முடியப் பார்த்தது. முடியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் பதற வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அன்றைக்கு நாங்கள் பதறியதே போதும்.

நான் அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். சில வருடங்கள் கால் போன போக்கில் சுற்றிவிட்டு, வேறு போக்கிடம் தோன்றாமல், அண்ணன் வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எனக்கு அவன் வைத்த பேர் ஊர்சுத்தி. என் பெட்டி கூடத்தின் நடுவில் திறந்தபடியே கிடந்தது.

"ஏய் ஊர்சுத்தி, பெட்டியை ஒரு அலமாரியில வெச்சா என்ன? தினம் தடுக்கி விழறேன்" என்பான் அண்ணன்.

"இருக்கட்டும், விடுங்க. எது எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதாதா?" என்பாள் அண்ணி.

அது வெறும் சமாதானப் பேச்சு இல்லை. அவள் வாழ்க்கையே அப்படித்தான். அவள் வீட்டில் எந்தப் பொருளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஆனால் எதைக் கேட்டாலும், திரும்பிப் பார்க்காமலே இடத்தைச் சொல்வாள். "என் பனியன் எங்கன்னு கேட்டேன். ஃப்ரிட்ஜுக்கு மேல, குடைக்குப் பின்னாடின்னா. போய்ப் பாத்தா, சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்று அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

அண்ணி அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது கீழ்த்தளத்தில், பதிவு செய்யும் கவுண்டரில். அந்தக் காலத்தில் ஒருவருடைய எண்ணைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திரை யோசித்துக்கொண்டே இருக்கும். எதிரே நிற்பவர்களுக்குத் திரை தெரியாது, அவள் முகம்தான் தெரியும். அதனால் எல்லாத் திட்டும் முகத்துக்கே வரும். "தேடறது மெதுவா இருந்ததுக்குத் திட்டு வாங்கினது நான். அதனாலதான் தேடறதைச் சரிபண்ணக் கத்துக்கிட்டேன். வேற லட்சியமெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்பாள். வேலை முடிந்து சாயங்கால வகுப்புக்குப் போனாள். படித்து, தேர்வு எழுதி, மேல்தளத்தில் டேட்டா அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். இதற்கிடையில் ஒரு நாள், கால் சுளுக்கோடு என் அண்ணன் அவள் கவுண்டருக்கு வந்திருக்கிறான்.

"உங்க அண்ணன் ஃபைல் கிடைக்க ரொம்ப நேரம் ஆச்சு. அதுக்குள்ள மனுஷன் கல்யாணத்துக்கே பேசி முடிச்சுட்டார்."

"மிஷின் வேகமா இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

தேடலை வேகமாக்குவதற்கு ஒரே வழி இண்டெக்ஸ். தடித்த புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் சொற்களை வரிசையாக அடுக்கி, பக்க எண் போட்டிருப்பார்கள் அல்லவா, அதேதான். லட்சம் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டாமல், அந்த வரிசையைப் பார்த்து இயந்திரம் நேராகப் போய்விடும். அண்ணிக்கு அந்த வரிசைகள்மேல் ஒரு வாஞ்சை உண்டு. அட்டை எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ், பெயருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று அவளே பார்த்துப் பார்த்துக் கட்டியவை.

இயந்திரம் போய்ச் சில நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, வயிற்று வலியோடு நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயணத்தில் எங்கேயோ குடித்த தண்ணீர் என்னை விடுவதாக இல்லை. சின்ன வயதில் வாங்கிய அட்டை கையில் இருந்தது. அது கிளை ஆஸ்பத்திரியின் அட்டை. முன்பு அது தனி ஆஸ்பத்திரியாக இருந்தது. பிறகுதான் பெரியதோடு சேர்த்தார்கள். அந்த அட்டைகளில் எண்ணுக்கு நடுவே ஒரு சிறிய கோடு இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி அட்டைகளில் இருக்காது.

கவுண்டரில் இருந்தவளை எல்லாரும் மைக் அக்கா என்றார்கள். மைக் இல்லாமலே அவள் குரல் வாசல் வரை போகும். என் எண்ணைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த நம்பர்ல யாரும் இல்லையேம்மா."

"நான் இருக்கேனே."

"நீ இங்க இருக்கே. இதுல இல்ல." திரையைத் தட்டிக் காட்டினாள். "போன வாரத்துல இருந்து இப்படித்தான். பழைய கிளை அட்டைன்னா பாதி பேரைக் காணோம். கவலைப்படாதே, அதே நம்பர்ல புதுசா போட்டுடறேன்."

போட்டாள். ஒரு நொடியில் புதுக் கோப்பு திறந்தது. அதில் எனக்கு ஆஸ்துமா இல்லை. மரத்திலிருந்து விழுந்து முழங்கை உடைந்ததும் இல்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. வருடக்கணக்கில் ஊர் ஊராகப் போயும் கிடைக்காத ஒன்று, புத்தம் புது ஆளாக ஆவது, அந்தக் கவுண்டரில் சும்மா கிடைத்துவிட்டது.

டாக்டரைப் பார்க்க வரிசை நீளமாக இருந்தது. இந்த வேடிக்கையை அண்ணியிடம் சொல்லலாமே என்று மாடி ஏறினேன்.

டேட்டா அறை சலவைப் பிரிவுக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே ஏசி குளிர் எலும்பைக் குடையும். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளி உறை மாட்டிய கால்களை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் ஒரு காக்கை. என்னைப் பார்த்ததும் ஃபிளாஸ்கைத் திறந்தாள்.

"உங்க மிஷினுக்கு என்னைத் தெரியலையாம் அண்ணி. புதுசாப் பெத்துப் போட்டுட்டாங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே மூடியில் டீ ஊற்றினாள். "புது நம்பர் குடுத்தாங்களா?"

"இல்ல, அதே நம்பர்தான்."

ஊற்றுவது நின்றது.

"அதே நம்பரா? ஏத்துக்கிச்சா?"

"ஏத்துக்கிச்சே. ஏன்?"

ஃபிளாஸ்கை மூடாமலே ஓரமாக வைத்துவிட்டு என் அட்டையை வாங்கினாள். ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தான் என்பது அவள் எழுதிவைத்த விதி. ஏற்கெனவே இருக்கும் எண்ணை மறுபடி போட்டால் இயந்திரம் கண்டிப்பாக மறுக்க வேண்டும். மறுக்கவில்லை என்றால், அந்த எண் தன்னிடம் இல்லை என்று அது மனதார நம்புகிறது என்று அர்த்தம்.

என் எண்ணைத் தேடினாள். இப்போது போட்ட வெற்றுக் கோப்பு மட்டும் வந்தது. பிறகு வேறு ஏதோ தட்டினாள். "இண்டெக்ஸைப் பாக்காதேன்னு சொல்லிட்டேன். முதல் கோப்புல இருந்து ஒவ்வொண்ணாப் படிச்சுப் பாக்கும். நேரமாகும்" என்றாள். நேரமாயிற்று. கடைசியில் திரையில் நான் வந்தேன். இரண்டு பேராக வந்தேன். ஒருத்திக்கு ஆஸ்துமா, இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை.

அண்ணி திரையில் இருந்த இரண்டு பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆள் வீட்டுலதான் இருக்கார்" என்று மெதுவாகச் சொன்னாள். "நாமதான் தப்பான தெருவுல போய்க் கதவைத் தட்டிட்டு, இல்லைன்னு திரும்பி வர்றோம்."

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அட்டை எண் என்று பேரே தவிர, சிலவற்றில் நடுவே கோடு வருவதால் இயந்திரத்துக்கு அது எண் இல்லை, ஒரு சொல். சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பழக்கம். பழைய இயந்திரம் அடுக்கும்போது நடுக்கோட்டைக் கண்டுகொள்ளாது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பதுபோல் தாண்டிப் போய்விடும். புது இயந்திரம் கோட்டையும் ஓர் எழுத்தாக மதித்து, அதற்கென்று வரிசையில் இடம் கொடுக்கும். அண்ணி மாற்றிக் கொண்டுவந்தது பழைய பழக்கத்தில் அடுக்கிய வரிசையை. புது இயந்திரமோ அதைத் தன் பழக்கத்தில் படிக்கிறது. கோடு இல்லாத எண்கள் சரியாகக் கிடைக்கின்றன. கோடு உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இல்லை.

இண்டெக்ஸைக் கலைத்துவிட்டுப் புது இடத்தில் புதிதாகக் கட்டியிருந்தால் இது வந்திருக்காது. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்த அவகாசம் கொஞ்சம்தான். அதனால் கோப்புகளோடு இண்டெக்ஸையும் அப்படியே தூக்கி வைத்தாள். அதே மூச்சில், அட்டை எண்ணை எழுதும் கட்டம் குறுகலாக இருக்கிறதென்று அதை அகலமாக்கவும் செய்தாள். கட்டம் அகலமானால் இண்டெக்ஸைத் திரும்பக் கட்ட வேண்டுமா என்று அவள் யோசித்தாள். வேண்டியதில்லை என்றது இயந்திரம். அது சொன்னது சரிதான். மாறியது அகலம் மட்டுமல்ல என்பதுதான் அவளுக்குத் தோன்றாமல் போயிற்று.

"தேடிப் பாத்து சரிபாத்தீங்கதானே அண்ணி?"

"பாத்தேன். எல்லாமே கிடைச்சுது." கண்ணை மூடிக்கொண்டாள். "கவுண்டர்ல உக்காந்து பழகின கை. அந்தக் காலத்து நம்பரையெல்லாம் பாக்காமலே தட்டுவேன். அதையேதான் தட்டியிருக்கேன். ஒண்ணுலகூட கோடு இல்ல."

"இப்ப என்ன ஆகும்?"

"உன்னை மாதிரி வயித்து வலிக்காரங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சிலர் பழைய ஃபைல்ல, இந்த மருந்தைக் குடுத்துடாதேன்னு எழுதியிருக்கும். புது ஃபைல்ல அது இருக்காது. டாக்டர் புது ஃபைலைத்தான் பாப்பாங்க." சட்டென்று எழுந்தாள். "வா."

மேலாளர் அறையில் அவர் யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கதவைத் தட்டாமல் உள்ளே போனதைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். அவள் அப்படி எப்போதும் செய்ததில்லை போலிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"திங்கக்கிழமை காலையில கவுண்டரை மூடச் சொல்றீங்களே. வரிசை வாசலைத் தாண்டி நிக்குதும்மா."

"மூட வேண்டாம் சார். பேப்பர்ல எழுதிக்கட்டும். மிஷின்ல புதுசா ஒருத்தரையும் ஏத்தக் கூடாது. ஏத்த ஏத்த ரெட்டையாகும்."

"ஒரு கோட்டுக்காகவா இவ்வளவும்?"

"கோட்டுக்காக இல்ல சார். சரிபாத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். சரியாப் பாக்கல."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போனைத்தான் எடுத்தார்.

"உங்க கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இப்ப நான் வார்டு வார்டாச் சொல்லிடறேன், அட்டையில கோடு இருந்தா ஃபைலை நம்பாதீங்க, வாயால கேளுங்கன்னு. நீங்க போய் யார் யார் ரெட்டைன்னு கண்டுபிடிங்க. போங்க, போங்க."

திரும்பவும் டேட்டா அறை. இண்டெக்ஸை நம்ப முடியாது என்பதால், ஒரே எண்ணில் இரண்டு பேர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று இயந்திரம் முதல் கோப்பிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி மேசைமேல் கிடந்த பேனாக்களை நிறம் பார்த்துப் பிரித்தாள், பிறகு கலைத்தாள். நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

"உக்காரேன். நீ நடந்தா அது வேகமாப் போகுமா?"

"உக்காந்தாலும் போகாதே."

"அதுவும் சரிதான். நட."

கீழே மைக் அக்கா, "எல்லாரும் பேப்பர்ல எழுதிக் குடுங்க! மிஷினுக்கு உடம்பு சரியில்ல!" என்று அறிவிப்பது எங்கள் தளம் வரை கேட்டது.

ஒருவழியாகப் பெயர்கள் வந்தன. முப்பது சொச்சம் பேர். அவர்களில் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்கள் யார் என்று பார்த்தாள். என்னைத் தவிர மூன்று பேர். ஒரு பாட்டி கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தவர். பழைய கோப்பில் கண்ணாடி அளவு மட்டும்தான் இருந்தது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தவர்; அவருக்கும் பயமில்லை. மூன்றாவது ஆள் ஒரு வெல்டர். கையில் நரம்பு அறுந்து, இன்று அறுவைச் சிகிச்சை.

அவருடைய பழைய கோப்பை அண்ணி திறந்தாள். மேலேயே சிவப்பு எழுத்தில் இருந்தது. சின்ன வயதில் கிளை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தபோது உடம்பு கொதித்து, தசையெல்லாம் விறைத்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. இந்த வகை மருந்தை இவருக்கு மறுபடி ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

புதுக் கோப்பில் அந்த இடம் காலியாக இருந்தது.

அண்ணி எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. ஆபரேஷன் தியேட்டருக்கு போன் போட்டாள். பிசி. மறுபடி போட்டாள். பிசி. ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு, "போட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எனக்கு அங்கே நின்று எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கும் பொறுமை எங்கே இருக்கிறது? ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டில் கம்பளிக் காலுறை வழுக்கியது. இரண்டு முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாளே ஒழிய வேகத்தைக் குறைக்கவில்லை.

தியேட்டருக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தில் நான் அவளைப் பிடித்தபோது, அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரே பெஞ்சில், பச்சை அங்கி போட்டு, இடது கையில் பெரிய கட்டோடு ஒரு வாட்டசாட்டமான ஆள் உட்கார்ந்து நர்ஸிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு டீ சிஸ்டர். அதுக்குப் போய் காலையில இருந்து உக்கார வெச்சிருக்கீங்களே."

"ஒரே ஒரு டீயா? அந்த நாலு பிஸ்கட்டு?"

"அது டீயோட சேத்தி."

"வெறும் வயித்துல வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? இப்ப செரிக்கற வரைக்கும் உக்காருங்க. மத்தியானம்தான் உள்ள."

அண்ணி தள்ளாடிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தேகம் தீர வேண்டுமே. "உங்க அட்டை நம்பர் என்ன?" என்றாள்.

"ஆள் யாரு எவருன்னு கேக்க மாட்டீங்க, நம்பரைத்தான் கேப்பீங்க, இல்ல?" என்று அலுத்துக்கொண்டே அட்டையை எடுத்து நீட்டினான். நடுவில் கோடு இருந்தது. அண்ணி அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

மயக்க மருந்து டாக்டரை நர்ஸ் கூட்டிவந்தாள். என் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. அண்ணி சொன்னதைக் கேட்டு, தாழ்வாரக் கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் திறக்க வைத்து, இரண்டு தரம் படித்தாள். பிறகு வெல்டரைப் பார்த்தாள்.

"ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு உங்களை நேத்தே கேட்டேனே?"

"நானும் சொன்னேனே டாக்டர். சின்ன வயசுல ஏதோ ஆச்சு, எல்லாம் ஃபைல்ல எழுதியிருக்குன்னு."

"ஃபைலைப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. சின்னப் பிள்ளையில வந்த காய்ச்சல் ஏதாவதா இருக்கும்னு..." டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டாள்.

நர்ஸ் வெல்டரின் தோளில் கை வைத்தாள்.

"இவருக்கு வேற மருந்து இருக்கு. இது தெரிஞ்சுட்டா பயமே இல்ல" என்றாள் டாக்டர். "எல்லாத்தையும் மாத்தி வைக்கணும். நாளைக்குக் காலையில பண்ணலாம்."

வெல்டர் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ பெரிய விஷயம் தன்னைத் தொட்டும் தொடாமலும் தாண்டிப் போயிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது போலிருந்தது. தொண்டையைச் செருமினான்.

"அப்ப இன்னிக்கு நான் சாப்பிடலாமா?"

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். எது சிரிப்பு, எது அழுகை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "சாப்பிடுங்க. என்ன வேணும்னாலும் சாப்பிடுங்க" என்றாள்.

"அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு. அவங்களுக்கும் ஒரு டீ சொல்லுங்க சிஸ்டர்" என்றான் அவன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொறுமையான வேலை. இரட்டையானவர்களை ஒவ்வொருவராக ஒன்றுசேர்க்க வேண்டும். புதுக் கோப்பில் இந்தச் சில நாளில் எழுதியதைப் பழைய கோப்பில் சேர்த்துவிட்டு, புதியதை நீக்க வேண்டும். அதை முடிக்காமல் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டப் போனால், ஒரே எண்ணில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று இயந்திரம் மறுத்துவிடும். "இப்பத்தான் அதுக்குக் கண் தெரியுது" என்றாள் அண்ணி. பழைய இண்டெக்ஸைத் தூக்கி எறிந்தாள். அட்டை எண்ணுக்கு மட்டுமல்ல, பெயர், தெரு என்று சொற்களாக இருந்த எல்லாவற்றுக்கும் புதிதாகக் கட்டச் சொன்னாள். வேலை முடிந்தது என்று திரை சொன்னபோது சாயங்கால வெயில் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்தது. இந்த முறை கோடு போட்ட எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

நான் கவுண்டருக்குப் போனேன். மைக் அக்கா தட்டினாள்.

"வந்துட்டே! ஆஸ்துமா இருக்காமே உனக்கு? முழங்கை வேற உடைச்சிருக்கே!"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் என் முழங்கையைப் பார்த்தார்கள்.

மறுநாள் வெல்டரின் கை ஒழுங்காகத் தைக்கப்பட்டது. மயக்கம் தெளிந்து எழுந்தவுடன் பிஸ்கட் கேட்டானாம். மேலாளர் சொன்னபடியே கையெழுத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்றுதான் அண்ணி நினைத்துக்கொண்டு போனாள். அரை நாளில் கண்டுபிடித்துச் சொன்னதையும், மறைக்காமல் சொன்னதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். இனிமேல் இயந்திரம் மாற்றும்போது வேண்டிய நேரம் எவ்வளவோ அதைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"வேலை இருக்கா, போச்சா?" என்றான் அண்ணன்.

"இருக்கு."

"அப்பாடா. நான்கூடக் கடையில உனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சேன்."

"அந்தக் கடையில உக்காரறதுக்கு நான் வேற ஆஸ்பத்திரி பாத்துக்குவேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. இந்த வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இணையத்தில் ஓர் இடத்தில் கூடிப் பேசிக்கொள்வார்கள். அங்கே, மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியின் பேரைப் போடாமல், நடந்ததை எழுதிப் போட்டாள். எதை மாற்றினேன், எதைத் திரும்பக் கட்டாமல் விட்டேன், எந்த எண்களைத் தேடிப் பார்த்து ஏமாந்தேன், எதைத் தேடியிருக்க வேண்டும் என்று. யாருடைய தவறு என்ற இடத்தில் என்னுடையது என்று எழுதினாள். சிலர் உடனே வந்து, இது பாலபாடம் ஆச்சே, இதுகூடத் தெரியாதா என்று கிண்டல் செய்தார்கள்.

"ஏன் அண்ணி இப்படித் தெருவுல போய் நின்னு அடி வாங்கறீங்க?" என்றேன்.

"கவுண்டர்ல வாங்காததா? இதுல முகமாவது தெரியாது."

கிண்டல் ஓய்ந்தது. பிறகு அந்தப் பக்கத்தை யாரும் சீண்டவில்லை. வேறு பேச்சுகள் வந்து அதைக் கீழே தள்ளிவிட்டன. அண்ணியும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். ஒரு மழைக்காலம் போயிற்று, இன்னொன்றும் வந்து போயிற்று. நான் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன், விட்டேன், வேறொன்றில் சேர்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணியின் போன் சத்தம் கொடுத்தது. அவள் இரண்டு கையிலும் ஈரப் போர்வை. "யாருன்னு பாரு, படி" என்றாள். அவள் எழுதிப் போட்ட அந்த இணையப் பக்கம் வழியாக வந்திருந்தது. தெரியாத ஆள், தெரியாத ஊர். படித்தேன்:

"வணக்கம். நான் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் உங்கள் வேலையைத்தான் செய்கிறேன். நேற்று நாங்கள் இயந்திரம் மாற்றினோம். மாற்றுவதற்கு முன்னால் எதையோ தேடப்போய் நீங்கள் எழுதியது கிடைத்தது. எங்கள் எண்களில் கோடு இல்லை, அதனால் இது நமக்கு இல்லை என்று மூடிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் திறந்து பார்த்தேன். எங்களிடம் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இண்டெக்ஸ் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். கூடுதலாக நேரம் கேட்டதற்குத் திட்டு விழுந்தது. இன்று காலை இடைவெளி உள்ள குழந்தைகளை எல்லாம் தேடிப் பார்த்தேன். எல்லாரும் இருக்கிறார்கள்."